குடல் அழற்சி நோயும் தனிப்புலால் உணவும்: புதுக்கோட்டை மாவட்ட உணவுச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தானியம், பருப்பு, காய், கனி அனைத்தையும் விலக்கி இறைச்சி, முட்டை, விலங்குக் கொழுப்பு ஆகியவற்றை மட்டுமே உண்ணும் முறை, நாட்பட்ட குடல் அழற்சி நோயைத் தணிக்கும் என்னும் கருத்து அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. இக்கருத்திற்கு ஆதரவாகவும் எதிராகவும் உள்ள மருத்துவச் சான்றுகளை இக்கட்டுரை தொகுத்து விளக்குகிறது. இம்முறையால் சிலர் பெற்ற பயன், புலாலைச் சேர்த்ததால் அன்றி, குடலை உறுத்தும் பிறவற்றை விலக்கியதால் விளைந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கொழுப்புக் குறைந்த ஆட்டிறைச்சியையும் கோழியையும் மீனையும் புலாலாகக் கொண்ட புதுக்கோட்டை மாவட்டத்தில், மேலைநாட்டுக் கொழுப்பு மிக்க மாட்டிறைச்சியை அடிப்படையாகக் கொண்டு எழுந்த இம்முறையை அப்படியே பின்பற்றுவதிலுள்ள இடர்கள் கணக்கிட்டுக் காட்டப்படுகின்றன. நோயறிதலும் மருந்தும் கைவிடப்படாமல், உணவு அவற்றுக்குத் துணையாக அமையும் வழிகள் இறுதியில் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: குடல் அழற்சி நோய், குரோன் நோய், பெருங்குடல் புண்ணழற்சி, தனிப்புலால் உணவு, புதுக்கோட்டை, பத்தியம், பழைய சோறு.

1. முன்னுரை

நோய்க்கு முதல்நாடி உணவிலுள்ளது என்னும் எண்ணம் தமிழர் மருத்துவ மரபில் ஆழ வேரூன்றியது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் ஏழு குறட்பாக்களில் உணவின் அளவையும் காலத்தையும் பொருத்தத்தையும் பேசிய பின்னரே மருத்துவனைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஆகவே, குடலைப் பற்றிய நோய்க்கு உணவிலேயே தீர்வு உண்டு என ஒருவர் கூறினால் அது நம் செவிக்கு அயலாக ஒலிப்பதில்லை.

மேலைநாடுகளில் 'கார்னிவோர் டயட்' என வழங்கும் முறை, உணவுத்தீர்வு என்னும் இவ்வெண்ணத்தின் எல்லைக்கே சென்ற வடிவம். இக்கட்டுரையில் அது 'தனிப்புலால் உணவு' எனக் குறிக்கப்படுகிறது. தமிழில் நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூல் வழியாகப் பலருக்கு அறிமுகமான குறைமாவு உணவுமுறையோடு இதனை ஒன்றாகக் கருதும் வழக்கம் உண்டு. அது பிழை. பேலியோவில் காய்கறிகளுக்கும் கொட்டைகளுக்கும் இடமுண்டு. தனிப்புலால் உணவில் நிலத்தில் விளையும் எதற்கும் இடமில்லை.

நாள்தோறும் குருதியோடு கழிச்சல், வயிற்று வலி, எடையிழப்பு என அல்லற்படும் ஒருவர், ஒரேயடியாக உணவை மாற்றிப் பார்க்க முனைவது இயல்பே. அம்முயற்சியோடு மருந்தையும் நிறுத்திவிடும்போதுதான் கேடு நேர்கிறது. எனவே சான்று எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைத் தமிழில் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

2. நோயின் இயல்பு

குடல் அழற்சி நோய் என்பது இரு பெரும் நோய்களின் பொதுப்பெயர். முதலாவது பெருங்குடல் புண்ணழற்சி. 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என மருத்துவமனைகளில் வழங்குவது. இது மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்படலத்தில் இடைவிடாது மேல்நோக்கிப் பரவும். இரண்டாவது குரோன் நோய். 1932ஆம் ஆண்டு நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனைத் தனிநோயாக விவரித்தனர். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் தோன்றலாம். எனினும் சிறுகுடலின் கடைப்பகுதியையே பெரிதும் பற்றும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்குவதால் குடல் இறுகிச் சுருங்குதல், புரைவழி உண்டாதல் ஆகிய சிக்கல்கள் இதில் மிகுதி.

இவ்விரண்டும் கிருமித் தொற்றால் வரும் வயிற்றுப்போக்கு அல்ல; உடலின் எதிர்ப்பாற்றல் குடலில் வாழும் நுண்ணுயிர்க் குழாத்திற்கு எதிராக அளவிறந்து கிளர்வதால் வருபவை. மரபணு இயல்பும், உணவு, புகைத்தல், இளமையில் உட்கொண்ட நுண்ணுயிர்க்கொல்லிகள் முதலிய சூழற்காரணிகளும் கூடி நோயைத் தோற்றுவிக்கின்றன. நோய் சில காலம் சீறும். சில காலம் தணியும். இந்த ஏற்றத்தாழ்வை மறந்துவிட்டால், தணியும் காலத்தில் உண்ட எதுவும் மருந்தாகத் தோன்றிவிடும்.

இது நகர்ப்புறச் செல்வர் நோய் என்னும் எண்ணமும் இன்று பொருந்தாது. பஞ்சாபின் லூதியானாவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, பெருங்குடல் புண்ணழற்சி 1,00,000 பேருக்கு 44.3 என்ற அளவில் இருப்பதைக் கண்டது. குடல் தொந்தரவுகளுடைய 30,000க்கும் மேற்பட்டோரிடம் பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனை செய்து ஐதராபாத் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, கிராமப்புறத்திலும் நகரோடு ஒப்பிடத்தக்க அளவில் இந்நோய் காணப்படுவதைக் காட்டியது. மலேசியாவின் கிந்தா பள்ளத்தாக்கில் மலாயர், சீனரைவிட இந்திய வம்சாவளியினரிடம் இந்நோய் மிகுதியாகப் பதிவானதும் இங்கு நினைக்கத்தக்கது.

3. தனிப்புலால் உணவுக்கான சான்றுகள்

தனிப்புலால் உணவைப் பற்றிய முறையான மருத்துவப் பதிவு 1928இல் தொடங்குகிறது. வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு வாழ்ந்த ஆய்வுப்பயணி வில்யால்மர் ஸ்டெபான்சனும் அவருடைய தோழர் கார்ஸ்டன் ஆண்டர்சனும், நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை மருத்துவர்களின் கண்காணிப்பில் ஓராண்டு இறைச்சி மட்டுமே உண்டனர். இருவரும் நலமாகவே இருந்தனர். ஆயினும் இருவரும் நோயற்றவர்கள். அவர்கள் பெற்ற ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்து வந்தது. தொடக்கத்தில் மருத்துவர்கள் ஸ்டெபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் அளித்துப் பார்த்தபோது, மூன்று நாள்களுக்குள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தோன்றின. கொழுப்பைச் சேர்த்ததும் அவை நீங்கின. இக்குறிப்பு பின்னர்ப் பயன்படும்.

அடுத்து, லென்னர்ஸ் முதலானோர் 2021இல் வெளியிட்ட கருத்தாய்வு. ஆறு மாதமாவது இம்முறையைப் பின்பற்றிய 2,029 பேர் தங்கள் நலம் மேம்பட்டதாகத் தாமே தெரிவித்தனர். அவர்களைப் பரிசோதித்தவர் எவருமில்லை; ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. தீய கொழுப்பெனப்படும் எல்.டி.எல். அளவு உயர்ந்திருந்தமை அவ்வாய்விலேயே பதிவாகியுள்ளது.

குடல் அழற்சி நோயை நேரடியாகத் தொடுவது, நார்விட்ஸ், சோட்டோ-மோட்டா ஆகியோர் 2024இல் வெளியிட்ட நோயாளர் தொகுப்பு. பெருங்குடல் புண்ணழற்சி உடையோர் அறுவர், குரோன் நோயாளர் நால்வர் எனப் பதின்மர், இறைச்சி, முட்டை, விலங்குக் கொழுப்பு ஆகியவற்றை முதன்மையாகக் கொண்ட உணவால் நலமடைந்த வரலாறு அதில் உள்ளது. பதின்மரின் அனுபவமும் பொய்யன்று. ஆனால் இத்தகைய தொகுப்பில், முயன்று தோற்றவர் இடம்பெற வாய்ப்பில்லை. நூறு பேர் முயன்று பதின்மர் தேறினரா, பதினொருவர் முயன்று பதின்மர் தேறினரா என்பதற்கு இத்தொகுப்பில் விடையில்லை. பெருங்குடல் புண்ணழற்சிக்கான மருந்துச் சோதனைகளில் போலி மருந்து பெற்றோரிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் தணிவுநிலை அடைகின்றனர் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எதிர்த்திசையிலும் சான்றுகள் உள்ளன. இங்கிலாந்தில் ஜோவெட் முதலானோர் (2004), தணிவுநிலையில் இருந்த 191 பெருங்குடல் புண்ணழற்சி நோயாளரை ஓராண்டு பின்தொடர்ந்தனர். சிவப்பிறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் மிகுதியாக உண்டவர்க்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது. பிரான்சில் 67,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு (2010), விலங்குப் புரதம் மிகுதியாக உண்பதற்கும் குடல் அழற்சி நோய் தோன்றுவதற்கும் தொடர்பைக் கண்டது. மாறாக, அமெரிக்காவில் தணிவுநிலைக் குரோன் நோயாளரிடம் நடந்த ஆய்வில் (2019), வாரம் இருமுறையேனும் சிவப்பிறைச்சி உண்டவர்க்கும் மாதம் ஒருமுறைக்கு மேல் உண்ணாதவர்க்கும் நோய் திரும்புவதில் புள்ளியியல் நோக்கில் வேறுபாடு காணப்படவில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், புலால் நஞ்சென்றும் கூறவியலாது, மருந்தென்றும் கூறவியலாது. சீரற்ற முறையில் குழு பிரித்து, தனிப்புலால் உணவைப் பிற உணவோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வு வரும்வரை, பதின்மர் வரலாறு ஒரு வினாவை எழுப்பும் தகுதி உடையது. விடையாகும் தகுதி உடையதன்று.

4. பயன் சேர்த்ததாலா, விலக்கியதாலா?

தனிப்புலால் உணவுக்கு மாறும் ஒருவர் ஒரே நாளில் இறைச்சியைச் சேர்ப்பதோடு வேறு பலவற்றை விட்டுவிடுகிறார். நார்ப்பொருள், குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் மாவுப்பொருள்கள், பால், சர்க்கரை, பொட்டலத் தின்பண்டம், அவற்றிலுள்ள கூழ்மமாக்கிகள், பல வேளைகளில் மதுவும் ஒருங்கே நீங்குகின்றன.

இவ்விலக்கல் ஒவ்வொன்றுக்கும் அறியப்பட்ட விளைவு உண்டு. நார் நீங்கினால் மலத்தின் அளவு குறையும். கழியும் தடவையும் குறையும். குடல் சுருங்கியுள்ள குரோன் நோயாளர்க்கு அடைப்பு வலி தணியும். நொதிக்கும் மாவுப்பொருள் நீங்கினால் வயிற்றுப் பொருமல் அடங்கும். கூழ்மமாக்கிகள் குடலின் சளிப்படலத்தைச் சிதைப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. இத்தனையும் இறைச்சி உண்ணாமலே பெறத்தக்கவை.

இதற்கு வலுவான சான்று குழந்தை மருத்துவத்தில் உள்ளது. குரோன் நோயுற்ற சிறார்க்கு ஆறு முதல் எட்டு வாரம் நீர்ம ஊட்டவுணவை மட்டுமே அளிப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவமுறை. பெரும்பாலான சிறார் ஸ்டீராய்டு இன்றியே தணிவுநிலை அடைகின்றனர். அந்நீர்மத்தில் இறைச்சித் துண்டு ஒன்றும் இல்லை. இஸ்ரேல், கனடா நாடுகளில் லெவின் முதலானோர் நடத்திய சோதனை (2019), நீர்ம ஊட்டவுணவோடு கோழி நெஞ்சுக்கறி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆப்பிள் முதலியவற்றைச் சேர்த்து, பதப்படுத்திய உணவை விலக்கிய முறையும் இணையான பயன் தருவதைக் காட்டியது. சிறார் அம்முறையை எளிதாகவும் ஏற்றனர். புலாலும் கனியும் ஒரே தட்டில் இருந்தும் நோய் தணிந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். அறிகுறி தணிவது வேறு. குடற்புண் ஆறுவது வேறு. கழிச்சல் நின்ற பின்னும் அகநோக்கியில் புண் தென்படலாம். மலத்தில் கால்புரோடெக்டின் என்னும் புரதத்தின் அளவு, உள்ளே அழற்சி தொடர்வதைக் காட்டிக்கொடுக்கும். ஆறாத அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குடல் சுருங்கும். பெருங்குடற் புற்றுக்கும் வழிகோலும். மலம் கழியும் தடவையை மட்டும் எண்ணி நோய் நீங்கியதாகக் கொள்வது, புகை நின்றதைக் கண்டு நெருப்பு அணைந்ததாகக் கொள்வதை ஒக்கும்.

5. 'முன்னோர் உணவு' என்னும் வாதம்

தனிப்புலால் உணவை ஆதரிப்போர், அதுவே மனிதனின் முன்னோர் உணவு என்பர். தமிழகத்தைப் பொறுத்தவரை இவ்வாதத்தைச் சங்க இலக்கியத்தைக் கொண்டு சோதிக்கலாம்.

சங்க மக்கள் புலால் உண்டனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதனோடு உண்டனர் என்பதே வினா. பெரும்பாணாற்றுப்படை காட்டும் எயினர் வறண்ட நிலத்து வேட்டுவர். புலாலை மட்டும் உண்டிருப்பர் என்று எவரைக் கருதலாமோ அத்தகையோர். அவர்தம் மகளிரோ எறும்புப் புற்றுள்ள கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைத் திரட்டி, உரலில் குற்றி, உவர்நீரில் உலையேற்றி, உலர்ந்த இறைச்சியோடு சேர்த்து உண்கின்றனர். தானியம் கிடைப்பது அரிதாகிய இடத்திலும் அதனைத் தேடி எடுக்கும் உழைப்பு இங்குக் கவனத்திற்குரியது.

பொருநராற்றுப்படையில் கரிகாலனின் விருந்தில் பொருநர் இரவும் பகலும் ஊன் தின்கின்றனர். அதனால் அவர்தம் பற்கள் உழுத கொழுவைப் போல மழுங்கின. உணவின்மேல் வெறுப்பே தோன்றிற்று. அவ்விருந்திலும் சோறும் பொரிக்கறியும் இடம்பெறுகின்றன. இடைவிடாத புலாலுணவைத் தமிழிலக்கியம் பதிவு செய்த இவ்விடம், அதனை வள்ளன்மையின் மிகுதிக்கு அடையாளமாகக் காட்டுகிறதேயன்றி அன்றாட வழக்கமாகக் காட்டவில்லை.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் தொன்மையும் ஒற்றை விடை தருவதன்று. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் கற்படுக்கைகளையும் தமிழி எழுத்துக் கல்வெட்டையும் விட்டுச்சென்ற சமணத் துறவியர் புலாலை முற்றும் மறுத்தவர்கள். அதே நிலத்தில் அய்யனாருக்கும் கருப்பருக்கும் கிடாவெட்டிப் படைத்து ஊர்கூடி உண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது. ஆடி மாதத்தில் வடகாடு, கீரமங்கலம் வட்டாரங்களில் நிகழும் மொய் விருந்துகளில் ஆட்டுக்கறியே முதன்மை. எனினும் இலையில் முதலில் விழுவது சோறு. இம்மண்ணில் புலால் விழாவுணவு. நாளுணவின் நடுவிடம் அரிசிக்கும் சிறுதானியத்திற்கும் பயற்றுக்கும் உரியது. உளுந்துக்கும் பிற பயறுகளுக்கும் புதிய வகைகளை உருவாக்கும் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இம்மாவட்டத்து வம்பனில் அமைந்திருப்பதும் இப்பகுதியின் வேளாண் இயல்போடு பொருந்துவதே.

சித்த மருத்துவம் கழிச்சல், கிராணி முதலிய பெயர்களில் குடல் நோய்களைப் பேசுகிறது. அவற்றை இன்றைய குடல் அழற்சி நோயோடு அப்படியே சமன்படுத்துதல் ஆகாது. அக்கால வகைப்பாடு அறிகுறியைச் சார்ந்தது. ஆனால் பத்தியம் என்னும் கருத்து இங்குப் பொருந்தும். மருந்துண்ணும் காலம் வரை சிலவற்றை விலக்கி, மருந்து முடிந்தபின் படிப்படியாகச் சேர்ப்பதே பத்தியம். அது காலவரையறை உடையது, மருந்தோடு இணைந்தது. வாழ்நாள் முழுதும் மருந்துக்கு மாற்றாக விலக்கலை வைப்பது நம் பத்திய மரபுக்கும் புறம்பானது.

6. புதுக்கோட்டைத் தட்டில் தனிப்புலால்: ஒரு கணக்கு

மேலைநாட்டில் இம்முறையைப் பின்பற்றுவோரின் தட்டில் இருப்பது கொழுப்பு ஊடாடிய மாட்டிறைச்சி, வெண்ணெய், பன்றிக் கொழுப்பு. புதுக்கோட்டைச் சந்தையில் பெரும்பாலோர் வாங்குவது வெள்ளாட்டுக்கறி, நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடிக் கடற்கரையிலிருந்து வரும் மீன். இவை கொழுப்புக் குறைந்தவை.

அமெரிக்க வேளாண்துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சை வெள்ளாட்டுச் சதையில் ஏறத்தாழ 109 கிலோ கலோரி ஆற்றலும் 20.6 கிராம் புரதமும் 2.3 கிராம் கொழுப்பும் உள்ளன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,800 கிலோ கலோரி வேண்டுமெனக் கொண்டால், அதனை இச்சதையால் மட்டும் பெற 1.65 கிலோ உண்ண வேண்டும். அதில் 340 கிராம் புரதம் சேரும். நோய் சீறும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என ஐரோப்பிய ஊட்டவியல் வழிகாட்டுதல் கூறுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். ஆகவே ஆட்டுச்சதைத் தனிப்புலால் உணவு, வேண்டிய புரதத்தைப் போல நான்கு மடங்கைத் திணிக்கிறது. ஆற்றலில் முக்கால் பங்கு புரதத்திலிருந்தே வருகிறது. ஸ்டெபான்சனுக்கு மூன்று நாள்களுக்குள் வயிற்றுப்போக்கை வருவித்தது இத்தகைய உணவே. ஏற்கெனவே கழிச்சலால் மெலிந்த நோயாளருக்கு இது எத்தகைய தீர்வாகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

கொழுப்பைச் சேர்த்தால் இச்சிக்கல் தீரும், வேறொன்று தோன்றும். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றவர்க்கும் அப்பகுதியை அறுவையால் நீக்கியவர்க்கும் பித்த அமிலங்கள் மீளுறிஞ்சப்படுவது குறைவு. அவர்களுக்குக் கொழுப்பு மிக்க உணவு கழிச்சலைப் பெருக்கும். சிறுநீரகக் கல்லுக்கும் இடந்தரும்.

பொருளியல் நோக்கிலும் இது எளிதன்று. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி 319 ரூபாய். ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலைக்கு இரண்டு நாள் கூலி போதாது. முட்டையையும் பண்ணைக்கோழியையும் கொண்டு செலவைக் குறைக்கலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் அடுப்பில் ஒருவருக்கு மட்டும் தனியுலை வைக்கும் சுமை, பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணின் மீதே விழும்.

7. மருத்துவ இடர்கள்

முதல் இடர் நோயறிதலில் உள்ளது. உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். குடற்காசமும் குரோன் நோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தையே பெரிதும் பற்றுபவை. வலி, காய்ச்சல், எடையிழப்பு ஆகிய அறிகுறிகளும் ஒத்தவை. அகநோக்கியும் திசு ஆய்வும் இன்றி இவற்றைப் பிரித்தறிய முடியாது. சில வேளைகளில் அவற்றாலும் எளிதன்று. குடற்காசத்தைக் குரோன் எனக் கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் காசம் பரவும். காசத்தைக் கண்டறியாமல் உணவால் தீர்க்க முயன்றால், குணமாகக்கூடிய நோய் உயிரைக் குடிக்கும். அமீபாக் கழிச்சலையும் மூலநோயையும் குருதிக் கழிச்சலோடு குழப்பிக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது, மருந்தை நிறுத்துதல். பல வாரங்கள் பிரட்னிசலோன் உட்கொண்டவர் அதனைத் திடீரென நிறுத்தினால், அண்ணீரகச் சுரப்பி செயலிழந்து மயக்கமும் குருதியழுத்த வீழ்ச்சியும் நேரலாம். மெசலமைன், அசாதயோபிரின் முதலியவற்றை நலமாக இருக்கும்போதே விட்டுவிடுவோர்க்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

மூன்றாவது, ஊட்டக் குறைவும் மிகையும். புலாலில் இரும்பும் பி12 உயிர்ச்சத்தும் நிறைந்துள்ளன. ஈரல், சுவரொட்டி ஆகியவற்றைச் சோகைக்கு உண்ணும் நம் வழக்கம் பொருளுடையது. ஆயினும் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைப்பகுதியில். அப்பகுதி கெட்டிருந்தால் எவ்வளவு புலால் உண்டாலும் சத்து உடலில் சேராது, ஊசிமருந்தே வழி. சதை இறைச்சியை மட்டும் நன்கு வேகவைத்து உண்போர்க்குச் சி உயிர்ச்சத்து குன்றும். நார்ப்பொருள் இல்லாதபோது, குடல் நுண்ணுயிர்கள் அதிலிருந்து உருவாக்கும் பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலமும் குறையும். பெருங்குடல் உயிரணுக்களுக்கு முதன்மை எரிபொருள் அதுவே. கோடையில் நீரிழப்பு மிகும் இவ்வறண்ட மாவட்டத்தில், விலங்குப் புரத மிகையும் கழிச்சலும் சேர்ந்தால் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும்.

8. மாற்று வழிகள்

உணவுக்கு மருத்துவத்தில் இடமில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 2022இல் வெளியிட்ட சோதனையில், மிதமான பெருங்குடல் புண்ணழற்சி உடையோர்க்கு நலமுடையோரின் மல நுண்ணுயிர் மாற்றமும் அழற்சி தணிக்கும் உணவும் முதலில் அளிக்கப்பட்டன. பின்னர் அவ்வுணவு மட்டும் தொடரப்பட்டது. வழக்கமான மருத்துவத்தைவிட இம்முறையில் ஓராண்டளவும் தணிவுநிலை நீடித்தோர் மிகுதி. அவ்வுணவு பதப்படுத்தியவற்றை விலக்கி, கனிகளையும் காய்களையும் புளிக்கவைத்த உணவையும் ஏற்றது. அமெரிக்காவில் 194 குரோன் நோயாளரிடம் மத்தியதரைக்கடல் உணவையும் கடுமையான மாவுவிலக்கு உணவு ஒன்றையும் ஒப்பிட்டபோது (2021), ஆறு வாரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பயனைத் தந்தன. கடுமை கூடுவதால் பயன் கூடுவதில்லை என்பது இதன் பாடம்.

தமிழகத்திலேயே, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை குடல் மருத்துவர்கள், பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளர்க்குத் துணையுணவாக அளித்து ஆராயும் திட்டத்தை மாநில அரசின் நிதியுதவியோடு மேற்கொண்டனர். ஆறிய சோற்றில் செரிமானத்திற்கு எளிதில் உட்படாத மாவுப்பொருள் கூடுகிறது; இரவில் புளிக்கும்போது லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தனிப்புலால் உணவின் நேர் எதிர்முனையில் நிற்கும் இவ்வுணவும் அதே நோய்க்கு ஆராயப்படுவது, எந்த ஒற்றை உணவையும் முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது என்பதை உணர்த்துகிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்போர் கொதித்தாறிய நீரிலேயே சோற்றை ஊறவைத்தல் வேண்டும்.

நோய் சீறும் காலத்தில் குழைந்த சோறு, வடிகஞ்சி, வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், காரமும் எண்ணெயும் குறைத்த கோழிக்கறி, நேந்திரம் அல்லது பூவன் பழம் போன்றவை பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். முழுப் பயறு, பலாப்பழம், கீரைத்தண்டு, தோலோடு கூடிய கொட்டைகள் ஆகியவற்றைக் குடல் சுருக்கம் உள்ளோர் தவிர்க்க வேண்டும். நோய் தணிந்தபின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வாததை மட்டும் குறித்து விலக்கலாம். புலால் விரும்புவோர்க்கு இத்தட்டில் புலாலுக்கு இடமுண்டு. தட்டு முழுவதும் புலாலாக வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பின்னும் தனிப்புலால் உணவை முயல விரும்பும் ஒருவர், அதனைத் தம் மருத்துவரிடம் மறைக்கலாகாது. தொடங்குமுன் நோயறிதல் உறுதிப்பட்டிருத்தல், மருந்து தொடர்தல், எடை, குருதிச்சோகை, கொழுப்பு, சிறுநீரகச் செயல், மலக் கால்புரோடெக்டின் ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் அளத்தல், முன்னேற்றம் இல்லையெனில் நிறுத்தும் நாளை முன்கூட்டியே வரையறுத்தல் ஆகியவை குறைந்தளவு நெறிகள். சிறார், கருவுற்றோர், சிறுநீரக நோயாளர், சிறுகுடல் அறுவை செய்துகொண்டோர் இதனை முயலாதிருத்தலே தக்கது. மருத்துவரும் கேட்டவுடன் கடிந்துகொள்ளாது, நோயாளர் எதனால் அவ்வுணவை நாடினார் என்பதை வினவுதல் வேண்டும். வலி தணியாமையே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். கடிந்துகொள்ளப்பட்டவர் அடுத்த முறை வருவதில்லை. மருந்தும் அவரோடு நின்றுவிடுகிறது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017இல் தொடங்கப்பட்ட பின், மேல்சிகிச்சைக்கு வெளியூர்களையே நம்பியிருந்த நிலை மாறியுள்ளது. தொடர் கண்காணிப்பு மாவட்டத்திற்குள்ளேயே நிகழும்போது இத்தகைய உரையாடல் எளிதாகும்.

9. முடிவுரை

தனிப்புலால் உணவு குடல் அழற்சி நோயைத் தணிக்கும் என்பதற்கு இன்றுள்ள நேரடிச் சான்று பதின்மரின் வரலாறு மட்டுமே. அதில் தெரியும் பயனுக்குப் புலாலைவிட விலக்கலே காரணமாதல் கூடும் என்பதை, இறைச்சி இல்லாத நீர்ம உணவும் கனி சேர்ந்த கலப்புணவும் தரும் இணையான பயன் காட்டுகிறது. சங்க இலக்கியமும் புதுக்கோட்டை மாவட்டத்தின் வாழும் வழக்கமும் புலாலைச் சோற்றோடு சேர்ந்த உணவாகவே காட்டுகின்றன. இங்குக் கிடைக்கும் கொழுப்பற்ற ஆட்டுச்சதையால் அமையும் தனிப்புலால் உணவு, நோயாளர்க்குக் கழிச்சலையே மிகுவிக்கலாம். குடற்காசம் மிகுந்த நாட்டில் நோயறிதலுக்கு முன் உணவு மாற்றத்தைத் தொடங்குவது ஆபத்தானது. உணவு மருந்தோடு சேர்ந்து, காலவரையறையும் அளவீடும் உடையதாய் அமையும்போதே பயன் தரும். பத்தியம் என்னும் பழஞ்சொல் குறித்ததும் அத்தகைய உணவையே.